நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு பட்ஜெட் பணம் எப்படி வந்து சேருது?

மார்ச் மாதம் பட்ஜெட் தாக்கலாகும் அன்று நம் போனில் வரிசையாகச் செய்திகள் வரும். "மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 21,906 கோடி ரூபாய்" என்று ஒரு வரி. "அடேயப்பா!" என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

இரண்டு வாரம் கழித்து, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மருந்து தரும் கவுன்டரில் இரண்டு மாத்திரையில் ஒன்று கிடைக்கிறது. இன்னொன்றுக்கு, "அடுத்த வாரம் வாங்கம்மா, ஸ்டாக் வந்துடும்" என்று பதில். அப்போதுதான் அந்தச் செய்தி ஞாபகத்துக்கு வரும். "அத்தனை கோடி ஒதுக்கினாங்களே, இந்த ஒரு மாத்திரைக்குப் பணம் இல்லையா?"

நியாயமான கேள்வி. சட்டப்பேரவையில் அறிவிக்கும் தொகை, உங்கள் கையில் மாத்திரையாக மாறுவதற்குள் பல படிகள் தாண்ட வேண்டும். அந்தப் படிகள் தெரிந்தால், எங்கே தாமதமாகிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

பெரிய தொகையைச் சின்னதாக்கிப் பார்ப்போம்

2023-24 பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 18,661 கோடி ரூபாய். 2024-25இல் அது 20,198 கோடி ஆனது. 2025-26இல் 21,906 கோடி. ஒவ்வொரு ஆண்டும் ஏறத்தாழ 8 சதவீதம் கூடியிருக்கிறது.

இப்போது போனில் கால்குலேட்டரைத் திறங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. இன்றைக்கு அது 7.7 கோடி அளவில் இருக்கும் என்று கணிக்கப்படுகிறது. 21,906 கோடியை 7.7 கோடியால் வகுத்தால், ஒருவருக்கு ஆண்டுக்கு சுமார் 2,845 ரூபாய் வருகிறது. மாதத்துக்கு 237 ரூபாய். ஒரு நாளைக்கு 8 ரூபாய்கூட இல்லை.

கடையில் ஒரு டீ குடித்தால் இதைவிட அதிகம் ஆகிறது. அந்த 8 ரூபாய்க்குள்தான் டாக்டர் சம்பளம், செவிலியர் சம்பளம், தடுப்பூசி, பிரசவம், ஆம்புலன்ஸ், ஆபரேஷன், கொசு ஒழிப்பு, காப்பீட்டு பிரீமியம், புதுக் கட்டடம் என்று எல்லாமே அடக்கம்.

ஆண்டுக்கு 8 சதவீதம் கூடுகிறது என்றாலும், விலைவாசியும் அகவிலைப்படியும் சேர்ந்தே கூடுகின்றன. அதனால் உண்மையில் கூடுதலாகக் கிடைப்பது அந்த 8 சதவீதத்தில் ஒரு பகுதிதான்.

வேறொரு விதமாகவும் பார்க்கலாம். 2025-26இல் மாநில அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு ஏறத்தாழ 4.39 லட்சம் கோடி ரூபாய். அதில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 100 ரூபாய்க்கு 5 ரூபாய் அளவில் வருகிறது. 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை, மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்று சொல்கிறது. குடிநீர், சத்துணவு, இ.எஸ்.ஐ. மருத்துவமனை, மாநகராட்சி மருத்துவமனை போன்றவை வேறு துறைகளின் கணக்கில் வருவதால் இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனாலும் போக வேண்டிய தூரம் இருக்கிறது என்பது புரியும்.

இந்தியா முழுவதற்குமான கணக்கும் இதே மாதிரிதான். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து சுகாதாரத்துக்குச் செய்த செலவு, 2013-14இல் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.15 சதவீதமாக இருந்தது. 2021-22இல் 1.84 சதவீதமாக உயர்ந்தது. 2025க்குள் 2.5 சதவீதத்தைத் தொட வேண்டும் என்பதுதான் தேசியக் கொள்கை வைத்த இலக்கு.

கையில் இருப்பது குறைவான பணம் என்றால், அதை எதற்குச் செலவு செய்கிறோம், அது சரியாகப் போய்ச் சேருகிறதா என்ற கேள்விகளுக்கு மதிப்பு கூடிவிடுகிறது.

ஒதுக்கீடு வேறு, செலவு வேறு

வீட்டில் மாதத் தொடக்கத்தில் ஒரு பட்டியல் போடுவோம்: மளிகைக்கு இவ்வளவு, ஸ்கூல் ஃபீஸுக்கு இவ்வளவு என்று. மாதம் நடுவில் பட்டியல் மாறும். மாதக் கடைசியில் உண்மையில் செலவானது வேறொரு தொகையாக இருக்கும். அரசு பட்ஜெட்டிலும் இதே மூன்று தொகைகள் உண்டு.

முதலாவது, பட்ஜெட் மதிப்பீடு. ஆண்டு தொடங்கும் முன் போடும் திட்டம். செய்தியில் நாம் பார்ப்பது இதைத்தான்.

இரண்டாவது, திருத்த மதிப்பீடு. ஆண்டு முடியப்போகும் நேரத்தில், இதுவரை ஆன செலவைப் பார்த்து மாற்றி எழுதுவது. இது கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம்.

மூன்றாவது, கணக்குகள். ஆண்டு முடிந்து, எல்லா ரசீதும் சேர்ந்த பிறகு வரும் உண்மைச் செலவு. இது வெளிவர ஒரு ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால்தான் 2025-26 பட்ஜெட் புத்தகத்தில் 2023-24க்கான "கணக்குகள்" இருக்கும், 2024-25க்கு மதிப்பீடும் திருத்த மதிப்பீடும் இருக்கும், 2025-26க்கு மதிப்பீடு மட்டும் இருக்கும்.

ஒரு திட்டத்துக்கு 100 ரூபாய் ஒதுக்கி, திருத்த மதிப்பீட்டில் 80 ஆகி, கணக்கில் 70 என்று முடிந்தால், மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது 70 ரூபாய்க்கான வேலைதான். நிதியாண்டு மார்ச் 31ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் செலவாகாத தொகையை அந்த அலுவலகமே அடுத்த ஆண்டுக்கு என்று எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. அது அரசுக் கணக்கிலேயே நின்றுவிடும். டெண்டர் தாமதமானாலும், கட்டடத்துக்கு இடம் கிடைக்காவிட்டாலும், பணியிடம் நிரம்பாமல் இருந்தாலும் இப்படி ஆகலாம்.

ஆகவே, அடுத்த முறை யாராவது "இவ்வளவு கோடி ஒதுக்கினாங்க" என்று சொன்னால், "போன வருஷம் ஒதுக்கினதுல எவ்வளவு செலவாச்சு?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். பாதி பட்ஜெட் அந்தக் கேள்வியிலேயே புரிந்துவிடும்.

பேரவையிலிருந்து ஊர் வரை

நிதியமைச்சர் பட்ஜெட்டைத் தாக்கல் செய்வது முதல் படி. அன்றே பணம் கிளம்பிவிடாது. ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய தொகையை "மானியக் கோரிக்கை" என்ற பெயரில் பேரவையில் கேட்க வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு எண் 19. அன்றைக்குத் துறை அமைச்சர் "கொள்கை விளக்கக் குறிப்பு" என்ற புத்தகத்தை வைப்பார். போன ஆண்டு என்ன நடந்தது, இந்த ஆண்டு என்ன செய்யப் போகிறோம் என்று அதில் இருக்கும். உறுப்பினர்கள் விவாதித்து ஒப்புதல் தந்து, நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறிய பிறகே செலவு செய்யும் அதிகாரம் வருகிறது. நடுவில் கூடுதல் பணம் தேவைப்பட்டால் துணை மானியக் கோரிக்கை வரும்.

துறைக்கு வந்த பணம் இயக்ககங்களுக்குப் பிரிகிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமும் துணை சுகாதார நிலையமும் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககத்தின் கீழ் வருகின்றன. தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். "ஜி.எச்.ல கேட்டா பி.எச்.சி.ய கேளுங்கன்னு சொல்றாங்க" என்ற அலைச்சலுக்கு ஒரு காரணம் இதுதான். இரண்டும் அரசுதான் என்றாலும் பணம் வரும் குழாய் வேறு வேறு.

இதோடு மத்திய அரசின் பங்கும் சேர்கிறது. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் திட்டங்களுக்கு மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் தருகின்றன. ஒரு பக்கத் தவணை தாமதமானாலும் வேலையில் சுணக்கம் வரும்.

கடைசிப் படி கருவூலம். மாவட்ட அளவில் உள்ள அலுவலர் பில் போட்டு, கருவூலம் சரிபார்த்துப் பணத்தை விடுவிக்கும். செலவு முடிந்த பின்னும் கதை முடிவதில்லை. சி.ஏ.ஜி. என்று செய்திகளில் நாம் கேட்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கணக்கைச் சரிபார்த்து அறிக்கை தருவார். அதைப் பேரவையின் பொதுக் கணக்குக் குழு ஆராயும்.

பணம் எதற்கெல்லாம் போகிறது?

சுகாதாரத் துறையில் பெரிய செலவு ஆள் செலவு. இதைச் சிலர், "எல்லாம் சம்பளத்துக்கே போயிடுது" என்று குறையாகச் சொல்வார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ராத்திரி 2 மணிக்குப் பிரசவ வலி வந்தால் வேண்டியது செவிலியர்தானே? சுகாதாரத்தில் சேவை என்பதே மனிதர்கள்தான். ஆனால் பணம் முழுவதும் சம்பளத்துக்கே போய், பஞ்சும் ஊசியும் பரிசோதனைக்கான ரசாயனமும் வாங்கப் பணம் குறைந்தால், வேலைக்கு வந்த செவிலியரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவே சமநிலை வேண்டும்.

அடுத்தது மருந்து, கருவிகள். அதற்கடுத்து கட்டடம். கட்டடத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. கட்டும் செலவு ஒரு முறை வரும். அதை நடத்தும் செலவு வருஷா வருஷம் வரும். புதுக் கட்டடம் திறந்து, ஆள் நியமிக்கவில்லை என்றால் பெயர்ப் பலகை மட்டும்தான் மிஞ்சும். அதனால் பட்ஜெட்டில் "புதிய கட்டடம்" என்று பார்த்தால், "எத்தனை பணியிடம்?" என்றும் தேடுங்கள்.

பிறகு, நேரடியாக மக்களுக்கு வருகிற திட்டங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் உதவி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது.

பாஸ்புக்கில் வரும் மருந்து

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். அந்த மாத்திரை எப்படி வருகிறது?

ஒரு காலத்தில் மருந்துகளை வெவ்வேறு அலுவலகங்கள் தனித்தனியாக வாங்கின. விலை ஒரே மாதிரி இருக்காது, தரமும் அப்படித்தான். இதை மாற்ற 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் வேண்டிய மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குவதால், கடை விலையில் ஒரு சிறு பகுதிக்கே மருந்து கிடைக்கிறது. வந்த மருந்திலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, ரகசிய எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேர்ச்சி பெற்றால்தான் விநியோகம். இந்த முறையைப் பார்த்துத்தான் பின்னாளில் கேரளாவும் ராஜஸ்தானும் இதே போன்ற கழகங்களை அமைத்தன.

மருந்துகள் மாவட்டக் கிடங்குகளில் இருக்கும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. பேங்க் பாஸ்புக் மாதிரியே. "உங்களுக்கு இந்த ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புள்ள மருந்து" என்று அதில் வரவு வைப்பார்கள். கிடங்கிலிருந்து எடுக்க எடுக்க, மருந்தின் மதிப்பு கழியும். நிலையத்தின் கைக்குப் பணமாக எதுவும் வராது; மருந்தாகத்தான் வரும். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை உள்ளூர்த் தேவையைப் பார்த்து அங்குள்ள மருத்துவரும் மருந்தாளுநரும் கேட்டு வாங்கலாம்.

ஆக, "ஸ்டாக் இல்லை" என்ற ஒரே பதிலுக்குப் பின்னால் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம். பாஸ்புக்கில் வரவு தீர்ந்திருக்கலாம். வரவு இருந்தும் நேரத்துக்குக் கேட்டு எடுக்காமல் விட்டிருக்கலாம். கிடங்கிலேயே அந்த மருந்து தீர்ந்திருக்கலாம். அல்லது கம்பெனி சப்ளை தாமதமாகியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. முதல் காரணத்துக்கு மட்டும்தான் பட்ஜெட்டில் கூடுதல் பணம் வேண்டும். மற்ற மூன்றும் நிர்வாகத்தில் சரிசெய்ய வேண்டியவை.

இன்னொரு முக்கியமான விஷயம். ஒரு நிலையத்துக்கு எவ்வளவு வரவு வைப்பது என்று முடிவு செய்யும்போது, அங்கே எத்தனை நோயாளிகள் வருகிறார்கள் என்பதையும் பார்க்கிறார்கள். நீங்கள் ஓ.பி. சீட்டு போட்டு டாக்டரைப் பார்த்தால், அது ஒரு பதிவு. "அங்க போனா லேட்டாகும்" என்று கடையிலேயே மாத்திரை வாங்கிக்கொண்டால், அரசுக் கணக்கில் உங்களுக்கு பிரஷரே இல்லை! அடுத்த ஆண்டு மருந்துத் தேவையைக் கணக்குப் போடும்போதும் நீங்கள் அதில் இருக்க மாட்டீர்கள்.

சின்னச் செலவா, பெரிய செலவா?

2020இல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வின் முடிவு இது. பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். சர்க்கரை நோய் 17.6 சதவீதம் பேருக்கு. அதில் கட்டுப்பாட்டில் இருந்தது 10.8 சதவீதம் பேருக்கு மட்டுமே.

அதாவது, பிரஷர் உள்ள 100 பேரில் 92 பேருக்கு மேல் அது கட்டுப்பாட்டில் இல்லை. இது சும்மா ஒரு புள்ளிவிவரம் இல்லை. கட்டுப்பாட்டில் இல்லாத பிரஷரும் சர்க்கரையும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பக்கவாதமாக, மாரடைப்பாக, சிறுநீரகச் செயலிழப்பாக வந்து நிற்கும். டயாலிசிஸ் தொடங்கினால் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, ஆயுள் முழுக்க. அரசு பணம் தந்தாலும், கூடப் போகிறவரின் கூலி போகும், பஸ் செலவு இருக்கும், வீட்டில் ஒருவர் வேலையை விட வேண்டிவரும்.

ஒரு மாத்திரையில் நிறுத்தக்கூடியதை டயாலிசிஸ் வரை போகவிட்டால், குடும்பத்துக்கும் நஷ்டம், அரசுக்கும் நஷ்டம். அதனால்தான் சுகாதாரப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப நிலைச் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்று தேசிய நலவாழ்வுக் கொள்கை சொல்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் நோக்கமும் இதுவே. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து, மாத்திரையும் தருகிறார்கள். நடமாட முடியாதவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி நிவாரணச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. 2024இல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது.

ஆரம்ப நிலையில் செய்த செலவு வீண்போகாது என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. 2018-20 கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97. தமிழ்நாட்டில் 54. கிராம சுகாதார செவிலியர்களும், ராத்திரியும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், தடையில்லாத மருந்தும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்து கொடுத்த பலன் அது.

நம் பாக்கெட்டிலிருந்து போகும் பணம்

அரசு செலவு செய்யாத இடத்தில் நோய் நின்றுவிடாது. செலவு நம் பாக்கெட்டுக்கு மாறும். இந்தியாவில் 2013-14இல் சுகாதாரத்துக்கு ஆன மொத்தச் செலவில் 64.2 சதவீதம் மக்கள் கையிலிருந்து நேரடியாகப் போனது. 2021-22இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் 100 ரூபாயில் கிட்டத்தட்ட 40 ரூபாய் இன்னும் நாம் தருகிறோம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. காப்பீடு என்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகும்போது உதவுவது. மாதா மாதம் வாங்கும் மாத்திரைக்கு அது வராது. மாதம் 600 ரூபாய்க்கு மாத்திரை வெளியே வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7,200 ரூபாய். அரசு உங்கள் ஒருவருக்கு ஆண்டு முழுக்க ஒதுக்கும் 2,845 ரூபாயைப் போல இரண்டரை மடங்கு! பெரிய ஆபரேஷன் மாதிரி இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தினக்கூலியில் ஓடும் வீட்டில், கையில் காசு இல்லாத மாதம் முதலில் நிற்பது இந்த மாத்திரைதான். "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிடுவார்கள். கட்டுப்பாட்டில் இருப்பது 7.3 சதவீதம் என்ற கணக்குக்குப் பின்னால் இப்படிப்பட்ட வீடுகளும் இருக்கின்றன.

போனிலேயே பட்ஜெட்டைப் பார்ப்பது எப்படி?

தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் ஆவணங்கள் பகுதிக்குப் போய், "கொள்கை விளக்கக் குறிப்பு" என்பதைத் தேர்ந்தெடுத்து, மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறையைத் தேடுங்கள். தமிழிலேயே பி.டி.எஃப். கிடைக்கும். இருநூறு பக்கத்தையும் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டிய திட்டத்தின் பெயரைத் தேடல் பெட்டியில் போட்டால் போதும்.

நிதித்துறையின் பட்ஜெட் தளத்தில் மானியக் கோரிக்கை எண் 19ஐத் திறந்தால் தொகைகள் கிடைக்கும். நான்கு இலக்கத் தலைப்புகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2210 என்றால் மருத்துவம், பொது சுகாதாரத்துக்கான அன்றாடச் செலவு. 2211 குடும்ப நலம். 4210 என்றால் கட்டடம், கருவி போன்ற முதலீட்டுச் செலவு. இந்த மூன்றையும் கண்டுபிடித்து, கணக்குகள், திருத்த மதிப்பீடு, பட்ஜெட் மதிப்பீடு என்ற பத்திகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது கூடியது, எது குறைந்தது என்பது தெரியும்.

"மருந்து இல்லை" என்றால் என்ன செய்யலாம்?

முதலில், கவுன்டரிலேயே நிதானமாகக் கேளுங்கள். எந்த மருந்து இல்லை, அதே குணமுள்ள வேறு மருந்து உண்டா, எப்போது வரும் என்று. மருந்தின் பெயரையும் தேதியையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தாளுநர் உங்கள் எதிரி இல்லை. பல நேரம் அவரும் கிடங்கின் பதிலுக்குத்தான் காத்திருப்பார்.

தொடர்ந்து கிடைக்கவில்லை என்றால் 104க்கு அழைக்கலாம். மருத்துவ ஆலோசனையோடு, அரசு மருத்துவமனை குறித்த புகாரையும் அங்கே பதியலாம். முதல்வரின் முகவரி உதவி எண் 1100. காப்பீட்டுத் திட்டம் பற்றிய சந்தேகம், புகாருக்கு 1800 425 3993.

கிராம சபைக் கூட்டத்தில் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூட்டம் நடக்கும். ஒருவர் கேட்டால் அது குறை. பத்துப் பேர் கேட்டுத் தீர்மானத்தில் ஏறினால் அது ஊரின் கோரிக்கை.

எழுத்தில் விவரம் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். "எங்க ஊர் ஆஸ்பத்திரி ஏன் சரியில்லை?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். கேள்வி இப்படி இருக்கட்டும்:

1. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து பாஸ்புக்கில் கடந்த நிதியாண்டில் வைத்த வரவு எவ்வளவு? அதில் எவ்வளவு மதிப்புள்ள மருந்து எடுக்கப்பட்டது?

2. ரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகளில் எவை, எந்தெந்தத் தேதிகளில் இருப்பு இல்லாமல் இருந்தன?

3. அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர் பணியிடங்கள் எத்தனை? எத்தனை காலியாக உள்ளன?

4. நோயாளர் நலச் சங்கத்துக்கு வந்த நிதி எவ்வளவு? எதற்குச் செலவானது?

இந்த நான்குக்கும் பதில் கையில் இருந்தால், உங்கள் ஊரில் பிரச்சினை பணத்திலா, ஆளிலா, நிர்வாகத்திலா என்பது தெரிந்துவிடும். கோரிக்கை வைக்கும்போதும் "பணம் போதவில்லை, பாஸ்புக் வரவைக் கூட்டுங்கள்" என்றோ, "வரவு மீதி இருக்கிறது, மருந்தை நேரத்துக்கு எடுங்கள்" என்றோ தெளிவாகச் சொல்ல முடியும்.

பட்ஜெட் என்பது மார்ச் மாதம் ஒரு நாள் வந்துவிட்டுப் போகும் செய்தி மாதிரி தெரியும். ஆனால் ஆண்டு முழுக்க அது நடந்துகொண்டேதான் இருக்கிறது, ஓ.பி. வரிசையில், மருந்துக் கவுன்டரில், வீட்டு வாசலில் பிரஷர் பார்க்கும் தன்னார்வலரின் பையில். நாளைக்கு 8 ரூபாய்க்கும் குறைவு என்றாலும் அது உங்கள் பெயரில் ஒதுக்கிய பணம். இந்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு போய், சீட்டு போட்டு, பிரஷர் பாருங்கள். மாத்திரை கிடைத்தால் விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.